வாசகர் கேள்வி: சிவப்பு எண் பலகையும் தூதர் விலக்குரிமையும்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களுள் பல, ஒரே பொருளைச் சுற்றியே எழுதப்பட்டிருந்தன. அதற்குக் காரணமான விபத்தை முதற்கடிதமே சொல்லிவிடுகிறது. ஆகவே இந்த இதழில் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்து, வெளிநாட்டுத் தூதர்களுக்கும் தூதரகங்களுக்கும் உள்ள பாதுகாப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் அண்ணன் மகன் தோட்டத்து லயத்திலிருந்து விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் ஈப்போவுக்கு வேலைக்குப் போகும்போது, சிவப்பு எண் பலகை போட்ட கார் ஒன்று இடித்து, வலது கால் முறிந்து மருத்துவமனையில் கிடக்கிறான். அது ஏதோ ஒரு நாட்டின் தூதரகக் காராம். "அவர்களை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, புகார் கொடுத்துவிட்டு அலையாதே" என்று பட்டணத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். அண்ணி அழுதுகொண்டே இருக்கிறார். நாங்கள் சும்மா இருந்துவிட வேண்டியதுதானா?
— செம்பனைத் தோட்டத் தொழிலாளர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, சும்மா இருந்துவிட வேண்டியதில்லை. பட்டணத்தில் சொல்வதில் பாதி உண்மை, பாதி தவறு. தவறான பாதிதான் உங்கள் அண்ணன் குடும்பத்துக்குக் கேடு செய்யும்.

முதலில் கேட்க வேண்டியது, காரை ஓட்டியவர் யார் என்பது. சிவப்புப் பலகையும் அதன் முடிவில் உள்ள டி.சி. என்ற எழுத்துகளும் அந்தக் கார் தூதரக வட்டாரத்தைச் சேர்ந்தது என்பதை மட்டுமே காட்டும். தூதரகத்துக்குச் சொந்தமான வாகனத்தைச் சோதனையிடவோ கைப்பற்றவோ கூடாது என்பது உண்மைதான்; ஆனால் ஓட்டியவருக்கு விலக்கு, அதாவது கைதுக்கும் வழக்குக்கும் உட்படாத பாதுகாப்பு, உண்டா இல்லையா என்பது வேறு கணக்கு. 1961-ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று வியன்னாவில் உருவான தூதரக உறவுகள் பற்றிய ஒப்பந்தமே இன்று உலகம் முழுவதும் இதற்கு அடிப்படை. நம் நாட்டில் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாக அதற்குச் சட்ட வலிமை தரப்பட்டிருக்கிறது. அந்த ஒப்பந்தம் தூதரகத்தில் உள்ளவர்களை எல்லாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. தூதருக்கும் தூதரக அதிகாரிகளுக்கும் குற்ற வழக்குகளிலிருந்து முழு விலக்கும், உரிமை (சிவில்) வழக்குகளிலிருந்து ஏறத்தாழ முழு விலக்கும் உண்டு. அலுவலக, தொழில்நுட்ப ஊழியர்களுக்குக் குற்ற வழக்கில் அதே விலக்கு உண்டென்றாலும், நட்டஈடு கேட்கும் உரிமை வழக்கில் பணி நேரத்துச் செயல்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ஓட்டுநர், காவலாளி போன்ற வெளிநாட்டுச் சேவை ஊழியர்களுக்கோ பணியின்போது செய்தவற்றுக்கு மட்டுமே விலக்கு. ஓட்டியவர் தூதரகம் சம்பளத்துக்கு வைத்த மலேசியர் என்றால், ஒப்பந்தப்படி அவருக்கு இப்படிப்பட்ட விலக்கு தானாகக் கிடைப்பதில்லை. நம் நாடு எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறதோ அந்த அளவே உண்டு. எனவே ஓட்டியவரின் பெயரும் குடியுரிமையும் பதவியும் தெரியாமல் "ஒன்றும் செய்ய முடியாது" என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் வழியில்லை.

இதைத் தெரிந்துகொள்வதற்கான முதல் ஏடு போலீஸ் புகார். விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் புகார் பதிவாகியிருக்க வேண்டும். பையன் மருத்துவமனையில் இருந்ததால் தாமதமாயிற்று என்றால் மருத்துவரின் கடிதத்தோடு இன்றே போய்ப் பதியுங்கள். தூதருக்கு விலக்கு இருப்பதால் போலீசார் விசாரிக்கவே கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கைது செய்யவும் நீதிமன்றத்தில் நிறுத்தவும்தான் தடை. விபத்து நடந்த இடத்தை அளக்கவும், சாட்சிகளைக் கேட்கவும், அறிக்கை எழுதவும் தடை இல்லை. அந்த அறிக்கை பின்னால் எல்லாவற்றுக்கும் வேண்டியதாக இருக்கும்.

அடுத்தது பெர்கேசோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். பையன் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டிருக்கிறான். முதலாளி அவனுக்குச் சந்தா கட்டிவந்திருந்தால், வேலைக்குப் போகும் பயணத்தில் நேரும் விபத்தும் அத்திட்டத்தில் அடங்கும். எதிரே வந்தது தூதர் காரா, செம்பனைக் குலை ஏற்றிய லாரியா என்பது அங்கே கேள்வியே இல்லை. நான் கண்டவரை, இப்படிப்பட்ட குடும்பங்கள் பெரிய இடத்தோடு மோத முடியாது என்ற மனச்சோர்வில், யாரோடும் மோதாமல் கிடைக்கக்கூடிய இந்த உதவியையும் கேட்காமல் விட்டுவிடுகின்றன. அண்ணியாரிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள்.

மூன்றாவது, காரின் காப்புறுதி. ஒரு வழக்கறிஞர் வழியாகக் காப்புறுதி நிறுவனத்துக்கும் தூதரகத்துக்கும் நட்டஈடு கேட்டு எழுதலாம். கடிதம் எழுதிக் கேட்பதற்கு விலக்குரிமை தடையாகாது. அதன் நகலை விஸ்மா புத்ரா என்று நாம் அழைக்கும் வெளியுறவு அமைச்சுக்கும் அனுப்ப வேண்டும், ஏனெனில் தூதரகத்தோடு பேசும் வாசல் அதுதான். வியன்னா மாநாடு ஒப்பந்தத்தை மட்டும் எழுதிவிட்டுக் கலைந்துபோகவில்லை. அதே 1961-இல் ஒரு தீர்மானத்தையும் நிறைவேற்றியது. தூதரகப் பணிக்கு இடையூறு இல்லாதபோது, உள்ளூர் மக்கள் கேட்கும் உரிமை வழக்குகளில் விலக்குரிமையை அனுப்பிய நாடு துறக்க வேண்டும், துறக்காவிட்டால் நியாயமான தீர்வுக்குத் தன்னாலான முயற்சியைச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் வழக்கறிஞர் தமது கடிதத்தில் இந்தத் தீர்மானத்தைச் சுட்டிக்காட்டட்டும். வழக்குமன்றத்தில் கட்டாயப்படுத்தும் வலிமை அதற்கு இல்லைதான். ஆனாலும் பல நாடுகள் சேர்ந்து ஏற்ற ஒரு சொல்லை எடுத்துக்காட்டும்போது, பதில் எழுதாமல் இருப்பது ஒரு தூதரகத்துக்கு எளிதன்று.

கேள்வி: சட்டத்தின்முன் எல்லாரும் சமம் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். தூதருக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்? அவர் ஒருவரைக் கொன்றாலும் விமானம் ஏறிப் போய்விடலாம் என்பது என்ன நியாயம்?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தோட்டப்புறம்

பதில்: ஆசிரியை அவர்களே, உங்கள் சினத்தில் நியாயம் இருக்கிறது, அதைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் கேள்வியில் ஒரு திருத்தம் வேண்டும். தூதருக்குத் தனிச் சட்டம் இல்லை. அவர் இருக்கும் நாட்டின் சட்டங்களை மதிக்க வேண்டியது அவர் கடமை என்று அதே வியன்னா ஒப்பந்தம் சொல்கிறது. சிவப்பு விளக்கில் அவரும் நிற்கத்தான் வேண்டும். நிற்காதபோது அவரை இழுத்துச் செல்லும் கை மட்டும் கட்டப்பட்டிருக்கிறது.

அந்தக் கையைக் கட்டியது ஏன் என்பதற்கு நம்மிடமே ஒரு பழைய செய்தி உண்டு. அதியமான் அனுப்பிய தூதாக ஔவையார் தொண்டைமானிடம் போனார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான். நெய் பூசி மாலை சூட்டிப் பளபளவென்று அடுக்கியிருந்த அந்த வேல்களைக் கண்ட ஔவையார், எம் மன்னனுடைய வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். புகழ்வதுபோல் இகழ்ந்த சொல் அது; போரே காணாத வேல் உன்னுடையது என்பது அதன் பொருள். பகைமன்னனின் அரண்மனைக்குள் நின்றுகொண்டு, அவன் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லிவிட்டு ஒரு பெண் பத்திரமாகத் திரும்ப முடிந்தது என்றால், தூது வந்தவர்மேல் கை வைக்கக் கூடாது என்ற வழக்கம் அந்த அரண்மனையிலும் இருந்தது என்று பொருள். அந்த வழக்கம் இல்லாவிட்டால் கசப்பான செய்தியை ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் சொல்ல ஆளே கிடைக்காது. கசப்பான செய்தியைச் சொல்ல முடியாத நாடுகள் அடுத்து எடுப்பது ஆயுதத்தைத்தான்.

ஆகவே இந்த விலக்கு அந்த மனிதருக்குத் தந்த பரிசு அன்று. அனுப்பிய நாட்டின் உடைமை. ஒப்பந்தத்தின் முன்னுரையே அப்படித்தான் சொல்கிறது. உடைமை நாட்டினுடையது என்பதால் நாடு அதைத் துறக்கலாம். தூதரே விரும்பினாலும் தாமாகத் துறக்க முடியாது. 1997 ஜனவரியில் வாஷிங்டனில் ஜார்ஜியா நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் குடிபோதையில் காரை ஓட்டிப் பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தியின் உயிரைப் பறித்தார். ஜார்ஜியா அவருடைய விலக்கைத் துறந்தது. அவர் அமெரிக்கச் சிறைக்குப் போனார்.

நமக்கு நெருக்கமான இன்னொன்று 2009 டிசம்பர் 15 அன்று சிங்கப்பூரில் நடந்தது. ருமேனியத் தூதரகத்தின் பொறுப்பாளரான சில்வியு இயோனெஸ்கு ஓட்டிய கார் சாலையில் சென்றவர்களை இடித்துவிட்டு நிற்காமல் போனது. அடிபட்டு இறந்தவர் ஒரு மலேசியர், வயது முப்பது. தூதரகக் கார் திருடுபோய்விட்டது என்று சொன்ன அவர், சில நாள்களில் சிங்கப்பூரை விட்டுப் போய்விட்டார். கதை அங்கே முடியவில்லை. தூதர் இருக்கும் நாட்டின் நீதிமன்றத்துக்கு உள்ள தடை, அவரை அனுப்பிய நாட்டின் நீதிமன்றத்துக்கு இல்லை என்பதும் வியன்னா ஒப்பந்தத்தின் விதிதான். சிங்கப்பூர் சேகரித்துத் தந்த சான்றுகளை வைத்து ருமேனியாவிலேயே வழக்கு நடந்தது. முதலில் 3 ஆண்டு, மேல்முறையீட்டில் 6 ஆண்டுச் சிறை. அவர் 2014-இல் சிறைத் தண்டனைக் காலத்திலேயே இறந்தார். முதற்கடிதம் எழுதியவரிடம் போலீஸ் அறிக்கையை நான் வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடக் கூடாது. 2014 மே மாதம் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில், மலேசிய உயர் ஆணையகத்தின் (தூதரகத்தின்) பாதுகாப்புப் பிரிவு ஊழியர் ஒருவர், ஓர் இளம்பெண்ணைப் பின்தொடர்ந்து வீடு வரை சென்ற குற்றச்சாட்டில் கைதானார். விலக்கைத் துறக்கும்படி நியூசிலாந்து கேட்டது. மலேசியா துறக்காமல் அவரை நாட்டுக்கு அழைத்துக்கொண்டது. செய்தி வெளியே வந்து இரு நாட்டிலும் கண்டனம் எழுந்த பிறகே, அதே ஆண்டு அக்டோபரில் அவர் திருப்பி அனுப்பப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2016-இல் 9 மாத வீட்டுக்காவல் விதிக்கப்பட்டது. அந்தப் பெண் பல மாதம் காத்திருந்தது நம் நாட்டின் முடிவால் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கேள்வி: தூதரகம் இருக்கும் நிலம் அந்த நாட்டின் மண் என்கிறார்களே, அப்படியானால் அங்கே குழந்தை பிறந்தால் எந்த நாட்டுக் குடியுரிமை?
— படிவம் ஐந்து மாணவி

பதில்: தூதரகம் இருப்பது மலேசிய மண்ணில்தான். தூதரின் அனுமதி இல்லாமல் போலீசோ தீயணைப்புப் படையோ கூட உள்ளே நுழையக் கூடாது என்பதால்தான் அது வேற்று மண் என்ற எண்ணம் பரவிவிட்டது. தூதரகக் கட்டடத்துக்குள் பிறப்பதால் மட்டும் எந்தக் குழந்தைக்கும் அந்த நாட்டின் குடியுரிமை வந்துவிடாது. தூதர் சம்மதித்தால் கதவு திறக்கும் என்பதற்கு இலண்டன் சான்று: ஈக்வடார் தூதரகத்தில் 2012 முதல் தங்கியிருந்த ஜூலியன் அசாஞ்சேயை, 2019 ஏப்ரல் 11 அன்று ஈக்வடார் தூதரின் அழைப்பின் பேரில் பிரிட்டிஷ் போலீசார் உள்ளே சென்று கைது செய்தார்கள்.

கேள்வி: 1975-இல் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம். கோலாலம்பூரில் தூதரகத்தைத் துப்பாக்கிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று கிராணி வீட்டு வானொலியில் கேட்டு, வேலை முடிந்தும் லயத்துக்குப் போகாமல் கூடி நின்றோம். இப்போதைய பிள்ளைகள் யாருக்கும் அது தெரியவில்லை. அதைப் பற்றி எழுதுவீர்களா? இன்னொன்றும் கேட்க வேண்டும்: நம் இனத்துக்கு அநியாயம் செய்த நாட்டின் தூதரகத்துக்கு முன்னால் நாம் நின்று எதிர்ப்புக் காட்டினால் அது குற்றமா?
— ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்

பதில்: ஐயா, உங்கள் இரு கேள்விகளும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை.

1975 ஆகஸ்டு 4 அன்று ஜப்பானியச் செம்படை என்ற தீவிரவாதக் குழுவைச் சேர்ந்தவர்கள், கோலாலம்பூரில் ஏ.ஐ.ஏ. கட்டடத்தில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தையும் சுவீடன் தூதரகத்தையும் கைப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பணயமாகப் பிடித்தார்கள். அமெரிக்கத் துணைத்தூதரும் சுவீடன் தூதரகப் பொறுப்பாளரும் அவர்களுள் இருந்தனர். ஜப்பானியச் சிறைகளில் இருந்த தோழர்களை விடுதலை செய்ய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அப்போதைய உள்துறை அமைச்சர் கசாலி ஷாபி பேச்சு நடத்தினார். ஜப்பான் ஐந்து பேரை விடுவித்து அனுப்பியது, பிடிபட்டவர்கள் விடுவிக்கப்பட்டனர், துப்பாக்கிக்காரர்களை ஏற்றிய விமானம் லிபியாவுக்குப் பறந்தது, மலேசிய, ஜப்பானிய அதிகாரிகள் அவர்களோடு பணயமாக உடன்போனார்கள். தங்கள் உயிரைப் பிணையாக வைத்து விமானம் ஏறிய அந்த அதிகாரிகளை நம் வரலாற்றுப் பாடங்களில் நான் எங்கும் கண்டதில்லை என்பது எனக்கு உள்ள மனக்குறை.

அன்று மலேசியா செய்ததற்கு அடியில் ஒரு கடமை இருந்தது. தன் மண்ணில் உள்ள தூதரகத்துக்குள் நுழையாமல் இருப்பதோடு ஒரு நாட்டின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பிறர் நுழையாமலும், சேதப்படுத்தாமலும், தூதரகத்தின் அமைதியைக் குலைக்காமலும், அதன் மதிப்புக்கு இழுக்கு நேராமலும் காக்க வேண்டும். ஒப்பந்தம் இதைத் தனிக் கடமை என்றே சொல்கிறது. இந்தக் கடமையைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை நான்கு ஆண்டுகள் கழித்து உலகம் கண்டது. 1979 நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் மாணவர் கூட்டம் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றியது. 52 பேர் 444 நாள்கள் அடைபட்டிருந்தனர். 1980 மே மாதம் தீர்ப்பளித்த அனைத்துலக நீதிமன்றம், முதல் நாள் கூட்டம் நுழைந்தபோது தடுக்காமல் இருந்ததே ஈரான் அரசின் மீறல் என்றது. பிறகு அந்தச் செயலுக்கு அரசே ஆதரவு தந்தபோது அது அரசின் செயலாகவே ஆகிவிட்டது என்றும் சொன்னது. அமெரிக்காமீது ஈரானியருக்கு இருந்த பழைய கோபங்களுக்குக் காரணம் இருக்கலாம். அதற்கு விடை தூதரை வெளியேற்றுவதும் உறவை முறிப்பதும்தான், ஆளைப் பிடித்து வைப்பதன்று என்பது அத்தீர்ப்பின் உட்கிடை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எதிர்ப்புக் காட்டுவது குற்றமன்று. கோலாலம்பூரில் எத்தனையோ தூதரகங்களின் முன் நம்மவர்கள் பதாகை ஏந்தி நின்று மகஜர் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 2016 செப்டம்பர் 4 அன்று நடந்ததை நாம் நேர்மையாகப் பேச வேண்டும். இலங்கையின் முன்னாள் அதிபர் மகிந்த ராஜபக்ச கோலாலம்பூருக்கு வந்ததை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்த நாள்கள் அவை. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் இலங்கையின் உயர் ஆணையரை ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டு அடித்தது. மலேசிய அரசு வருத்தம் தெரிவித்தது, ஆட்கள் கைதானார்கள். முள்ளிவாய்க்காலை நினைத்து மனம் கொதித்தவர்களுள் நானும் ஒருவன். அந்தக் கொதிப்பைச் சிறுமைப்படுத்த எனக்கு உரிமை இல்லை. ஆயினும் அந்த அடியால் ஈழத்தில் ஒரு தாய்க்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் செய்தித்தாளில் இறந்தவர்களைப் பற்றிய பேச்சு மறைந்து, அடிபட்ட தூதரைப் பற்றிய பேச்சே நின்றது. தூதரை அடித்தவன் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்கிறான். நாம் கொடுக்கும் மகஜரைக் கையில் வாங்கித் தன் நாட்டுக்கு அனுப்ப வேண்டிய ஆளும் அவர்தான்.

கேள்வி: 2017-இல் விமான நிலையத்தில் வடகொரியத் தலைவரின் அண்ணனைக் கொன்றார்களே, அதில் தேடப்பட்ட ஒருவர் கோலாலம்பூரிலேயே தூதரகத்துக்குள் இருந்தும் நம் போலீஸ் ஏன் உள்ளே போகவில்லை? பயந்துவிட்டார்களா?
— கடைக்காரர், சுங்கை சிப்புட் பட்டணம்

பதில்: பயம் என்று நான் சொல்ல மாட்டேன். பிப்ரவரி 13 அன்று கிம் ஜோங் நாம் விஎக்ஸ் என்ற நச்சுப்பொருளால் கொல்லப்பட்டார். விசாரணைக்காகத் தேடப்பட்டவர்களுள் வடகொரியத் தூதரகத்தின் இரண்டாம் செயலாளரும் இருந்தார். போலீசார் வெளியே காத்திருந்தார்கள், வாசலைக் கடக்கவில்லை. மலேசியா தன்னிடம் இருந்த முறையான ஆயுதத்தை எடுத்தது. விசாரணையைப் பழித்துப் பேசிவந்த தூதர் காங் சோலை, மார்ச் 4 அன்று விரும்பத்தகாதவர் என்று அறிவித்து 48 மணி நேரத்தில் வெளியேறச் சொன்னது. காரணம் சொல்லாமலே எந்தத் தூதரையும் எந்த நேரத்திலும் இப்படி அனுப்பிவிட ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு.

மார்ச் 7 அன்று வடகொரியா தன் நாட்டில் இருந்த மலேசியர்கள் யாரும் வெளியேறக் கூடாது என்று தடுத்துவிட்டது. ஐக்கிய நாடுகள் அமைப்பில் பணியாற்றிய இருவர் வெளியே வந்தபின், தூதரக ஊழியரும் குடும்பத்தினருமாக ஒன்பது பேர் பியோங்யாங்கில் எஞ்சினர். அங்கே அவர்களுக்கு இருந்த அரண் ஒப்பந்தத்தின் சொற்கள் மட்டுமே. அந்த நேரத்தில் கோலாலம்பூரில் நம் போலீசார் தூதரகக் கதவை உடைத்திருந்தால், பியோங்யாங்கில் நம் தூதரகத்தின் கதவுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? மார்ச் 30 அன்று உடன்பாடு ஏற்பட்டு, அந்த ஒன்பது பேரும் மறுநாள் விடியலில் கோலாலம்பூர் வந்து இறங்கினார்கள். இரண்டாம் செயலாளரும் நாடு திரும்பிவிட்டார் என்பது கசப்புத்தான். குழந்தைகளும் இருந்த அந்தக் குடும்பங்களைத் தராசின் மறுதட்டில் வைத்துப் பார்க்கும்போது, அரசு எடுத்த முடிவு சரி என்றே நான் கருதுகிறேன். அந்த வழக்கில் பிடிபட்ட இந்தோனேசிய, வியட்நாமியப் பெண்கள் இருவரும் 2019-இல் தத்தம் நாட்டுக்குத் திரும்ப முடிந்ததில், சிறைக்குச் சென்று பார்த்து விடாமல் பேசிய அவர்கள் நாட்டுத் தூதரகங்களின் பங்கு பெரிது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு தூதரக அதிகாரியின் குடும்பம், என் மகளைக் குழந்தை பார்த்துக்கொள்ள வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்கிறது. சம்பளம் நல்ல சம்பளம். ஏதாவது ஆனால் வழக்குப் போட முடியாது என்று அக்கா பயமுறுத்துகிறார். அனுப்பலாமா?
— ஒரு தாய், தோட்டப்புறம்

பதில்: அம்மா, உங்கள் அக்காவின் பயம் ஆதாரமில்லாதது அன்று. தூதர் வீட்டுப் பணிப்பெண்கள் சம்பளம் கிடைக்காமலும், வெளியே போக விடாமலும் துன்பப்பட்ட வழக்குகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. வழக்குகளை விலக்குரிமை தடுத்தும் இருக்கிறது. 2022 ஜூலையில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் ஒரு புதிய வழி திறந்தது. சவூதி நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவரின் இலண்டன் வீட்டில் வேலை செய்த பிலிப்பினோப் பெண், தம்மை அடிமைபோல் நடத்தினார்கள் என்று வழக்குத் தொடுத்தார். ஒருவரை அடிமைபோல் வைத்து உழைப்பைச் சுரண்டி ஆதாயம் அடைவது, தூதருக்கு விலக்கு இல்லாத வணிகச் செயலின் வகையில் அடங்கும் என்று நீதிபதிகளுள் பெரும்பான்மையினர் தீர்ப்பளித்தனர். மற்ற நாடுகளை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது.

ஆகவே அனுப்புவதானால், சம்பளமும் வேலை நேரமும் விடுமுறையும் எழுதிய ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டபின் அனுப்புங்கள். சம்பளம் மகள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகட்டும். கடப்பிதழ் மகளின் கையிலேயே இருக்கட்டும்; "பத்திரமாக நாங்கள் வைத்துக்கொள்கிறோம்" என்று அந்தக் குடும்பம் சொன்னால் அனுப்பாதீர்கள். போய்ச் சேர்ந்த நாட்டில் உள்ள மலேசியத் தூதரகத்தில் மகளின் பெயரை முதல் வாரத்திலேயே பதிந்துவிட வேண்டும்.

கேள்வி: என் மகன் வெளிநாட்டில் வேலை என்று நம்பிப் போய், அங்கே போலீசில் பிடிபட்டிருக்கிறான் என்று அவன் நண்பன் சொல்கிறான். அவனோடு பேசவே முடியவில்லை. தூதருக்கு இவ்வளவு பாதுகாப்பு உண்டென்றால், தோட்டத்தில் பிறந்த என் பிள்ளைக்கு யார் பாதுகாப்பு?
— ஒரு தந்தை

பதில்: ஐயா, இத்தனை கடிதங்களிலும் என்னை அதிகம் கலக்கியது உங்களுடையதுதான். உங்கள் பிள்ளைக்குப் பாதுகாப்பு, அந்தத் தூதருக்குத் தந்திருக்கும் பாதுகாப்பின் உள்ளேயே இருக்கிறது. தம்மைப் பிடித்து அடைத்துவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டிய ஓர் அதிகாரி, வேற்று நாட்டுச் சிறையின் வாசலில் போய் நின்று, "எங்கள் ஆளைக் காட்டுங்கள்" என்று கேட்க மாட்டார்.

1963-இல் வியன்னாவிலேயே உருவான இன்னோர் ஒப்பந்தம் துணைத் தூதரக உறவுகளைப் பற்றியது. அதன் 36-ஆம் விதி உங்கள் மகனுக்காகவே எழுதப்பட்டது போன்றது. வெளிநாட்டவர் ஒருவரைக் கைது செய்தால், அவர் விரும்பினால் அவருடைய நாட்டின் துணைத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். இந்த உரிமை உண்டு என்பதைக் கைதானவருக்கும் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி அவரைச் சிறையில் சந்திக்கவும், கடிதம் எழுதவும், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யவும் உரிமை உண்டு. இது ஏட்டில் மட்டும் இருக்கும் விதியன்று. 2004-இல், அமெரிக்காவில் மரண தண்டனை பெற்றிருந்த மெக்சிகோ நாட்டவர் ஐம்பதுக்கு மேற்பட்டவர்களின் வழக்கில், பெரும்பாலாருக்கு இந்த உரிமை மறுக்கப்பட்டது என்று அனைத்துலக நீதிமன்றம் கண்டு, அவர்கள் வழக்குகளை மீளாய்வு செய்யச் சொன்னது. 2019 ஜூலையில் குல்பூஷண் ஜாதவ் வழக்கில், இந்தியத் தூதரக அதிகாரிகளைச் சந்திக்க விடாததால் பாகிஸ்தான் இதே விதியை மீறியது என்று தீர்ப்பளித்தது.

இவ்வுரிமையின் அருமை நம் தோட்டத்து மக்களுக்குப் புதிதாக இருக்க வேண்டியதில்லை. 1922-ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின் அடிப்படையில், மலாயாத் தோட்டங்களில் இருந்த இந்தியத் தொழிலாளர் நலனைக் கவனிக்க இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் இங்கே இருந்தார். சம்பளம், வீடு, கங்காணியின் கொடுமை ஆகியவற்றைப் பற்றிய முறையீடுகள் அவரிடம் போயின. ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். இன்றைய தூதர்களுக்கு உள்ள விலக்கு எதுவும் இல்லாத, துரைமாரின் தயவையும் அரசாங்கத்தின் பொறுமையையும் நம்பிய பதவி அது. அதன் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு ஓர் எல்லை இருந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மகனின் முழுப்பெயர், அடையாள அட்டை எண், கடப்பிதழ் எண், நாட்டை விட்டுப் போன நாள், நண்பன் சொன்ன ஊர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். கடப்பிதழ் நகல் வீட்டில் இல்லையென்றால் குடிநுழைவு இலாகாவில் பழைய பதிவு இருக்கும். அந்தத் தாளோடு இங்கே போலீஸ் புகார் ஒன்று பதிந்து, இரண்டையும் புத்ராஜெயாவில் உள்ள விஸ்மா புத்ராவின் தூதரகச் சேவைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். போக முடியாவிட்டால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுத்து, அனுப்பியதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். விடுவித்துத் தருகிறேன் என்று பணம் கேட்டு வரும் எந்தத் தரகரிடமும் ஒரு ரிங்கிட்டும் கொடுக்காதீர்கள். தூதரக அதிகாரியால் வழக்கை நிறுத்த முடியாது, அபராதம் கட்ட முடியாது, நீதிபதியிடம் பரிந்து பேச முடியாது. ஆனால் உங்கள் பிள்ளை உயிரோடு எங்கே இருக்கிறான், அவனை அடித்தார்களா, வழக்கறிஞர் இருக்கிறாரா என்பதை நேரில் கண்டு வந்து உங்களுக்குச் சொல்ல முடியும்.

அந்த நண்பனோடு மறுபடி பேச வாய்ப்புக் கிடைத்தால், மகனுக்கு எப்படியாவது ஒரு செய்தி சேரச் சொல்லுங்கள்: மொழி புரியாத தாள் எதிலும் கையெழுத்திட வேண்டாம், எந்த அதிகாரி வந்து கேட்டாலும், "நான் மலேசியன், என் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்" என்று தெரிந்த மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லட்டும்.